பன்னிரண்டு மில்லிக்கு நாலு நூல்

சானமாவுக் காட்டு யானைகளைப் பற்றி ஓசூர்ப் பக்கம் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். அவற்றுக்குக் கம்பெனி பஸ்களின் நேரம் அத்துப்படி, கடைசி ஷிப்ட் பஸ் போன பிறகுதான் நெடுஞ்சாலையைக் கடக்கும் என்பார்கள். அது உண்மைதான். ஒரு தடவை கம்பெனிக்காரர்கள் ஷிப்ட் நேரத்தை மாற்றியபோது யானைகள் குழம்பிப்போய் விடியும்வரை சாலையோரமே நின்றன. அதுவும் உண்மை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தொரப்பள்ளிப் பக்கம் ஒரு கொம்பன் தக்காளி வண்டியை மறித்துக் கூடை கூடையாகத் தின்றுவிட்டு, வண்டிக்காரர் அழுவதைப் பார்த்து மனம் கேட்காமல் கடைசிக் கூடையை விட்டுவிட்டுப் போனது. ஆனால் யானை ஸ்பானர் பிடித்து நட்டு கழற்றும் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. யானை கழற்றவில்லை என்றால் சரோஜம்மாள்தான் கழற்றியிருப்பாள் என்று முடிவு கட்ட, படித்த ஒரு இன்ஜினியர் வேண்டியிருந்தது.

சரோஜம்மாளுக்குக் காட்டோரத்தில் கேழ்வரகுக் கொல்லை. ஊடே அவரை போட்டிருந்தாள். கார்த்திகைப் பனி இறங்கினால் அவரைக் காய் எண்ணெய் விட்டு மினுங்கும். அந்த வாசம் எல்லை தாண்டி, கர்நாடகத்துக் காடுகள் வரைக்கும் போகும். யானைகளுக்கு அந்த வாசம் கல்யாணப் பத்திரிகை மாதிரி. பத்திரிகை கிடைத்ததும் குடும்பத்தோடு கிளம்பிவிடும்.

முந்தின வருஷம்வரை அவளுடைய புருஷன் முனிவேல் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கம்பெனிக்காரர் தர்மக் கணக்கில் ஊரைச் சுற்றி வேலி போட்டுக்கொடுத்தார். ஆள் உயரத்துக்கு மேல் இரும்புத் தூண்கள். தூணுக்குத் தூண் கட்டைவிரல் பருமனில் இரும்பு வடம். வடத்தைத் தூணோடு பிடித்திருப்பது லாடம் மாதிரி வளைந்த ஒரு போல்ட்டும், அதன் இரண்டு காலிலும் மாட்டிய இரண்டு நட்டுகளும். யானை வந்து சாய்ந்தால் வடம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்து, பிறகு போதும் என்று நிறுத்திவிடும். ஊர்வலமாகப் போய்த் தேங்காய் உடைத்தார்கள். முனிவேல் பரணைப் பிரித்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரை வேய்ந்தான்.

வேலி ஊர் முழுக்க நின்றது. ஏரிக்கரையில் தொடங்கி சரோஜம்மாளின் கொல்லை முடிகிற இடம்வரை உள்ள கடைசித் துண்டு மட்டும், அறுவடைக்கு ஆள் சொல்லியிருந்த சமயத்தில், கொடியில் போட்ட ஈரச்சேலை மாதிரி தரையில் தொங்கிவிட்டது. யானைகள் வேலியை உடைக்கவில்லை, முறிக்கவில்லை. தொங்கிய வடத்தை மரியாதையாகத் தாண்டி வந்து, அவள் கொல்லையில் கதிரை எல்லாம் தின்று, பக்கத்து மாதேஸ்வரியின் கொல்லையில் அவரையைத் தின்று, ஊர்த் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தன.

காலையில் சரோஜம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். தாள் மட்டும் நின்றது, கதிர் இல்லை. ஒப்பாரி வைப்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் இறங்கிப் போய், மிதிபட்ட தாள்களுக்குள் உதிர்ந்து கிடந்த கதிர்களை மடியில் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்குவது அவள் சுபாவம். கீழே எது கிடந்தாலும் அவள் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் அவளை மாட்டிவிட்டது.

மத்தியானம் கம்பெனி ஜீப் வந்தது. சௌந்தரராஜன் என்கிற இன்ஜினியர் இறங்கினார். கூடவே வேலி போட்ட சூப்பர்வைசர் மோகன்குமார். தெற்கத்திப் பையன், திருநெல்வேலிப் பேச்சு. வேலி போட்ட நாளெல்லாம் சரோஜம்மாள் கையால் களி சாப்பிட்டவன், முதல் நாள் விழுங்க வேண்டியதை மென்று பார்த்து ஊரையே சிரிக்க வைத்தவன். அன்றைக்கு அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்ஜினியர் தூண் தூணாகப் பார்த்தார். "நட்டு இல்ல. இதுல இல்ல. இதுலயும் இல்ல. ஊரு பூரா இருக்குது, இந்தப் பக்கம் மட்டும் எப்படிப் போகும்?"

"சார், நட்டுங்களா?" என்றாள் சரோஜம்மாள். "எங்கிட்டதான் இருக்குது, இருங்க வர்றேன்." ஓடிப்போய் வீட்டிலிருந்து ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "களை எடுக்கறப்ப எல்லாம் கீழ கீழ கிடந்துச்சு சார். மாட்டுக் குளம்புல ஏறிடும், அருவா மொனை போயிடும்னு பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன். தோ, இந்தத் தம்பிகிட்டகூட அப்பவே சொன்னனே. வச்சிருங்க அத்தை, அப்புறமா வந்து மாட்றேன்னுச்சு. வரவே இல்ல."

இன்ஜினியர் ஜாடியை வாங்கி ஆட்டிப் பார்த்தார். கலகலவென்று சத்தம் வந்தது. ஊரார் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்குங்க. வேலியில இருக்க வேண்டியது எல்லாம் இவங்க வீட்டு ஜாடியில இருக்கு. நட்டு தானா கழண்டு நடந்து வருமா? கழட்டி எடைக்குப் போடச் சேத்து வச்சிருக்காங்க. திருட்டு வேற என்ன?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் மாடுதான் நின்றது.

"யாரை சார் சொல்றீங்க?"

"உங்களைத்தான்மா. வேலி மேல ஒரு தப்பும் இல்ல. எங்க வேலை பக்கா. நீங்க கழட்டுனீங்க, யானை வந்துச்சு. அவ்வளவுதான்." அப்புறம் குரலைத் தணித்து, பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி சொன்னார். "போலீஸுக்கெல்லாம் போக மாட்டோம். ஞாயித்துக்கிழமை வர்றேன். ஊர் முன்னாடி நான்தான் கழட்டினேன், மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை. என் போன்ல பிடிச்சிக்கிறேன், மேலிடத்துல காட்டணும். காட்டுனா மறுநாளே புது நட்டு போட்டு வேலியைத் தூக்கிடுவோம். இல்லேன்னா திருட்டு நடக்குற ஊருக்கு வேலி எதுக்குன்னு கம்பெனி கை கழுவிடும். அப்புறம் உங்க பாடு, யானை பாடு."

ஜீப் போய்விட்டது. ஜாடியும் அதோடு போனது. ஆனால் மடியில் பொறுக்கியிருந்த கதிர்களோடு அன்று காலையில் கிடைத்த ஒரு நட்டு அவளிடமே தங்கிவிட்டது. அதை அவள் மறைக்கவில்லை. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் அவள் களி கிண்டிக்கொண்டிருந்தபோது வேலிக் கமிட்டித் தலைவர் நல்லுசாமி வந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். வந்தவர்கள் அடுப்புக்கு எதிரே வரிசையாகக் குந்தினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு துரும்பைக் கிள்ளினார்கள்.

"இன்னாம்மா சரோஜா, அவரையா கொழம்பு?" என்று நல்லுசாமி ஆரம்பித்தார்.

"யானை மிச்சம் வச்சதுதான். வந்த விசயத்தைச் சொல்லு மாமா."

"விசயம் இன்னா விசயம். ஒரு வார்த்தை. சொன்னா மறுநாளே வேலி எழுந்து நிக்குது. நம்மகிட்ட இன்னும் பாதிக் கதிரு கொல்லையில நிக்குது. உனக்குத் தெரியாததா?"

"எந்த வார்த்தை?"

"அதான், அந்த சாரு சொன்னாரே."

"அவரு நெறைய சொன்னாரு. நீ எதைச் சொல்ற? வாயால சொல்லு, கேக்கறேன்."

நல்லுசாமி தொண்டையைச் செருமினார். மனிதர் வாயில் அது வரவில்லை. பக்கத்திலிருந்த டிராக்டர்காரன் கந்தன் உதவிக்கு வந்தான். "எடுத்தேன்னு சொல்லிடுக்கா. ஊருக்காக. ஊருக்கே தெரியும் நீ எடுக்கலன்னு."

"தெரியுமா?"

"தெரியாதா பின்ன? சின்ன வயசுலருந்து பாக்கறோம்."

"தெரிஞ்சவங்க அந்த ஜீப்புக்கு முன்னாடி நிக்கறப்ப வாயில என்னத்த வச்சிருந்தீங்க? ஒருத்தன் என்னைத் திருடின்றான். ஊரே நின்னு ஆடு மேயறாப்பல பாக்குது. இப்ப வந்து, தெரியும், ஆனா நீயே சொல்லிக்கோன்னு சொல்றீங்களே, இது எந்த ஊரு நாயம்?"

களித்துடுப்பு பானைக்குள் ஓங்கிச் சுற்றியது. கோபத்தில் கிண்டிய களி கட்டி தட்டாது என்பது அந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு அவள் கிண்டிய களியை உருட்டினால் பளிங்குக் குண்டு மாதிரி இருந்தது. உருட்டி, வந்தவர்களுக்கும் வட்டிலில் வைத்தாள். சமாதானம் பேச வந்த இடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிடுவது கஷ்டம். ஆனால் சாறு அவரைக்கொட்டைச் சாறு. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். நல்லுசாமி இரண்டாம் தரம் சாறு கேட்டார்.

அவர்கள் போன பிறகு முனிவேல் மெதுவாகச் சொன்னான். "சொல்லிட்டுத்தான் போயேன் சரோஜா. வார்த்தைதான."

அவள் வட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "உன்னைத் திருடன்னு சொல்லியிருந்தா?"

"அப்படிச் சொல்லலியே."

"அதான் 'வார்த்தைதான'ன்னு சொல்ற."

மறுநாள் அவள் அந்த ஒரு நட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிக் குருபரப்பள்ளிக்குப் போனாள். குருபரப்பள்ளி சாலையோரக் கடைகளில் கிடைக்காத பொருள் இல்லை. ஒரு பெரியவர் டிராக்டருக்கு ஸ்பிரிங் வாங்கப் போய், பேரம் பேசிப் பேசி, ஸ்பிரிங்கோடு ஒரு மருமகனையும் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்பிரிங் உடைந்துவிட்டது, மருமகன் இன்றைக்கும் ஓடுகிறான். அங்கே வெங்கடப்பன் நட்டுக் கடை வைத்திருந்தான். சாக்கு சாக்காக நட்டு, போல்ட், வாஷர். வாய் ஓயாத ஆள். தெலுங்கில் கூப்பிட்டு, தமிழில் விலை சொல்லி, கன்னடத்தில் சில்லறை இல்லை என்பான்.

"ரா அக்கா, ரா. ஏமி காவாலி, இன்னா வேணும்?"

சரோஜம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து நட்டை எடுத்து வைத்தாள். "இது இன்னா நட்டுன்னு சொல்லு."

அவன் எடுத்து விரலில் போட்டுச் சுழற்றினான். "நாலு நூலு. நம்ம சரக்குதான். மேல புள்ளி குத்தியிருக்கு பாரு, ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான் இதை விக்கறேன்."

"வேலி போட்ட தம்பி போல்ட்டு பன்னெண்டு எம்எம்னுச்சு. நாலு நூலுன்னா, பன்னெண்டு எம்எம்மா?"

வெங்கடப்பன் சுற்றிக்கொண்டிருந்த நட்டைப் பிடித்து நிறுத்தினான். கடையில் அந்தக் கேள்வி கேட்டால் அவனுக்குச் சாமி வரும்.

"அக்கா, உன் வீட்டுக்குக் காங்கிரீட்டு போட்டியே, கம்பி இன்னா கம்பி?"

"பன்னெண்டு எம்எம். மேஸ்திரி நாலு நூலுன்னாரு."

"அங்கதான் கெட்டுச்சு. கம்பிக்கு அப்படித்தான் சொல்லுவாங்க. எல்லாரும் சொல்லுவாங்க, நானே சொல்லுவேன். ஆனா கணக்கு அது இல்ல. ஒரு இஞ்சுக்கு எட்டு நூலு. ஒரு இஞ்சுன்றது இருவத்தஞ்சு புள்ளி நாலு மில்லி. பாதி எவ்ளோ?"

"பன்னெண்டரைக்கு மேல."

"பன்னெண்டு புள்ளி ஏழு. நாலு நூலுன்னா அதான். பன்னெண்டு இல்ல. அந்த முக்கா மில்லி காங்கிரீட்டுக்குள்ள போயிட்டா யாரு கேக்கறா? கேக்கறது யாருன்னா நட்டுதான்." சொல்லிக்கொண்டே இரண்டு போல்ட்டுகளை எடுத்தான். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. "இது மில்லி. இது இஞ்சு. இப்ப மரையைப் பாரு, இந்தச் சுத்துச் சுத்தா ஓடுற பல்லு. மில்லியில ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல எவ்ளோ இடம்னு அளப்பாங்க. இந்தப் பன்னெண்டுல ஒண்ணே முக்கா மில்லி. இஞ்சுல அப்படிக் கேக்க மாட்டாங்க. ஒரு இஞ்சு நீளத்துக்குள்ள எத்தனை மரைன்னு எண்ணுவாங்க. இதுல பதிமூணு. ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டாரணும்னா இருவத்தஞ்சு புள்ளி நாலைப் பதிமூணால வகு. ரெண்டு மில்லிக்குக் கொஞ்சம் கம்மி வரும். ஒண்ணே முக்காவும் ரெண்டும் ஒண்ணா?"

இரண்டு போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மரையோடு மரை கோக்க வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். முதல் இரண்டு பல் கோத்துக்கொண்டது. மூன்றாவது பல் தடுமாறியது. அதற்கப்புறம் பல்லுக்குப் பல் மோதி, இடுக்கு வழியாக நெடுஞ்சாலையில் போகிற லாரி தெரிந்தது.

"சீப்பும் பேன் சீப்பும் கோத்தாப்பல" என்றாள் சரோஜம்மாள்.

"அதேதான்! மில்லி போல்ட்டுல இந்த நாலு நூலு நட்டைப் போட்டா, ஏறும். அதான் ஆபத்து. ஏறலன்னா தெரிஞ்சிடும் இல்ல? ஜோரா ஏறும், ரெண்டு பல்லுல தொத்திக்கினு நிக்கும். காத்தடிச்சாலே கழண்டு வந்துடும். முறுக்கினியோ, மரை வழுக்கிடும்."

"அப்புறம் இதை எதுக்குப் பன்னெண்டுக்கு வித்த?"

"நான் எங்க வித்தேன்? வந்தான் ஒரு தெற்கத்திப் பையன், தலையில மஞ்சத் தொப்பி. போன்ல யாரோ சொல்லச் சொல்ல, 'நாலு நூலு நட்டு ஒரு பை'ன்னான். எதுக்குப்பான்னேன். வேலிக்குன்னான். கேட்டதைக் குடுத்தேன். போல்ட்டைக் கொண்டாந்து காட்டியிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"வந்து இதை எங்க ஊருல சொல்லேன்."

வெங்கடப்பன் சட்டென்று தராசைத் துடைக்க ஆரம்பித்தான். "கடையை விட்டுட்டா? நாளைக்கு எந்த சூப்பர்வைசரு எங்கிட்ட வருவான்?" சொன்னவனுக்கே அது உறைத்திருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு நட்டை எடுத்துவந்து அவள் கையில் திணித்தான். "இது மில்லி. சும்மா வச்சிக்கோ. நான் வரலன்னாலும் இது பேசும்."

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அவள் கொல்லையோரம் கூடியது. பனி விலகாத நேரம். தொங்கிய வடத்தின் மேல் ஈரம் முத்து முத்தாக நின்றது. ஜீப் வந்தது. இன்ஜினியர் ஜாடியை எடுத்து பானெட்டின் மேல் வைத்தார். பக்கத்தில் போனை நிமிர்த்திச் சாய்த்து வைத்தார்.

"ம், சொல்லுங்கம்மா. சத்தமா, கேமராவைப் பாத்து."

"சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு." அவள் நல்லுசாமியைப் பார்த்தாள். "மாமா, போன பங்குனியில உன் கன்னுக்குட்டி சந்தைல காணாமப் போச்சே, பாகலூர்க்காரன் என்னுதுன்னு புடிச்சிக்கினானே. எப்படித் தீத்தாங்க?"

"அவுத்து விட்டாங்க. அது நேரா என் பசுகிட்டப் போய் முட்டிப் பால் குடிச்சிது. எல்லாரும் பாத்தாங்க."

"அதேதான் நானும் கேக்கறேன். இந்த நட்டுங்க இந்தத் தூணுங்களோடதுன்னு சாரு சொல்றாரு. அவுத்து விடுங்க. தாய்கிட்டப் போவுதான்னு பாக்கலாம்."

இன்ஜினியர் சிரித்தார். "நட்டு என்ன கன்னுக்குட்டியா?" ஆனால் ஊரில் ஒரு முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. சந்தையில் அந்த வழக்கத்தை மறுத்தவன் அப்புறம் சந்தைக்கு வர முடியாது. நல்லுசாமி தன் கன்றையே அப்படித் திரும்ப வாங்கியவர், எப்படி மறுப்பார்? "போடுங்க சார், போட்டுக் காட்டிட்டாத் தீந்துச்சு" என்றார்.

இன்ஜினியர் ஜாடியிலிருந்து ஒரு நட்டை எடுத்துப் போல்ட்டின் காலில் வைத்துத் திருகினார். ஏறியது. வெண்ணெய் மாதிரி ஏறியது. கூட்டத்தில் "ஆங்" என்று ஒரு பெருமூச்சு. முனிவேலின் தலை குனிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"பாத்தோம். ஆட்டிப் பாருங்க."

அவர் விரலால் அசைத்தார். நட்டு கடகடவென்று ஆடியது. "அது... இன்னும் முறுக்கல."

"முறுக்குங்க. ஸ்பானரு உங்ககிட்டதான இருக்குது."

அவர் மோகன்குமாரிடம் கை நீட்டினார். மோகன்குமார் ஸ்பானரை எடுத்தான், ஆனால் கொடுக்கத் தயங்கினான். "சார், வேண்டாம் சார்" என்றான் வாய்க்குள். அவர் பிடுங்கி, பல்லைக் கடித்து முறுக்கினார். நட்டு இறுகியது. இன்னும் ஒரு முறுக்கு. நொடுக் என்று ஒரு சத்தம். ஸ்பானர் லேசாகிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு சுற்றினாலும் நட்டு நின்ற இடத்திலேயே காற்றாடி மாதிரி சுற்றியது. சரோஜம்மாள் இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். திருகாமலே கையோடு வந்தது.

ஊர் வாயைப் பிளந்தது. அவள் முந்தானையை அவிழ்த்து வெங்கடப்பன் கொடுத்த நட்டை எடுத்தாள். பக்கத்துப் போல்ட்டில் அவளே வைத்துத் திருகினாள். அது ஆடவில்லை. ஒவ்வொரு சுற்றும் அளந்து ஏறியது. "கந்தா, முறுக்குடா." கந்தன் தன் முழு பலத்தையும் போட்டான். இறுகி நின்றது. கந்தன் அடித்த கதையை நம்பினால், ஸ்பானர்தான் கொஞ்சம் வளைந்தது.

"இது பன்னெண்டு மில்லி நட்டு. அது நாலு நூலு நட்டு. உங்க போல்ட்டு மில்லி. நட்டுங்க இந்தத் தூணோட புள்ளைங்களே இல்ல சார். அதான் நிக்காம விழுந்துச்சு, அதான் நான் பொறுக்கினேன்."

"பன்னெண்டு எம்எம்மும் நாலு நூலும் ஒண்ணுதானே?" என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். "ஆமா, ஒண்ணுதான்" என்று இன்னும் பத்துப் பேர் சொன்னார்கள். எல்லோரும் வீடு கட்டியவர்கள்.

"கம்பிக்கு ஒண்ணு. நட்டுக்கு இல்ல" என்றாள்.

இன்ஜினியர் மோகன்குமார் பக்கம் திரும்பினார். "யாருடா இதை வாங்கச் சொன்னது?"

பையன் இவ்வளவு நேரம் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போதுதான் நிமிர்ந்தான். "நீங்கதான் சார். கடைசித் தூணுங்களுக்கு நட்டு ஒரு பை கொறஞ்சிட்டு. கடைக்குள்ள நின்னுக்கிட்டே உங்களுக்குப் போன் போட்டேன். பன்னெண்டு எம்எம்னேன். 'ஊருக்காரங்கிட்ட எம்எம்னா புரியாதுல, நாலு நூலுன்னு கேளு'ன்னிய. கேட்டேன். அத்தை விழுது விழுதுன்னு சொல்லையிலயும் உங்ககிட்டச் சொன்னேன். திறப்பு விழா முடிஞ்சிட்டு, இனி தோண்டாதன்னிய."

பனி விலகிக்கொண்டிருந்தது. பானெட்டின் மேல் இன்ஜினியரின் போன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவசரமாக அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தில் முனிவேலைத் தேடிப் பிடித்து, அவன் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"சாரிங்க முனிவேல். ஒரு சின்னத் தப்பு ஆகிப்போச்சு. மனசுல வச்சுக்காதீங்க. இந்த வாரமே எல்லாத்தையும் மாத்திடறோம்." நல்லுசாமிக்கும் ஒரு கும்பிடு போட்டார். நல்லுசாமி, "பரவால்லீங்க சார், பெரியவங்க நீங்க, வேலி நின்னாப் போதும்" என்றார். ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். விஷயம் முடிந்துவிட்டது. இன்ஜினியர் ஜீப்பில் ஏறினார்.

சரோஜம்மாள் ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவரு இன்னா பண்ணாரு? அவருகிட்ட எதுக்குச் சாரி? பொறுக்கினது நானு. திருடின்னு சொன்னது என்னை."

"அதான் சொல்லிட்டேனேம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட..."

"என் பேரு சரோஜம்மா. என்னை ஊர் முன்னாடி சொன்ன வாயி. ஊர் முன்னாடி என்கிட்ட சொல்லணும்."

முனிவேல், "ஏ சரோஜா, போதும் வா" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரன் ஒரு தடவை அடித்தது. அவள் நகரவில்லை. அப்போது மாதேஸ்வரி தன் கொல்லையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "யானைக்கே நகராத பொம்பள சார் இது. சொல்லிட்டுப் போங்க, எங்களுக்கும் வேலை கிடக்குது." இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஜீப் இன்ஜின் அணைந்தது.

இன்ஜினியர் இறங்கினார். "சரோஜம்மா. நீங்க எடுக்கல. நட்டு நாங்கதான் தப்பாப் போட்டோம். மன்னிச்சிடுங்க."

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை காட்டுக்கே கேட்டிருக்கும். சானமாவில் ஒரு யானை பதில் சொன்னது என்று கந்தன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறான்.

ஜீப் போனது. கூட்டம் கலையப் பார்த்தது. அவள் நல்லுசாமியைப் பார்த்தாள். இரண்டாம் தரம் சாறு வாங்கிக் குடித்த மனிதர் தோளிலிருந்த துண்டை இறக்கினார். "தப்புதாம்மா. அன்னிக்கே நான் பேசியிருக்கணும். நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்." அவருக்குப் பின்னால் கந்தன் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் அன்றைக்குக் களி சாப்பிட்டவர்கள். யாரும் வரிசை கட்டச் சொல்லவில்லை, தானாகக் கட்டிக்கொண்டது. ஒவ்வொருத்தராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் யாருக்கும் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

வரிசையின் கடைசியில், துண்டைக் கையில் பிடித்தபடி, முனிவேல் நின்றுகொண்டிருந்தான். புருஷனாயிற்றே என்று அவள் அவனை முன்னால் கூப்பிடவில்லை. வரிசைப்படியே வரட்டும் என்று நின்றாள்.